வாழைக்கன்று கட்டிய பெட்டி

அந்த ஞாயிற்றுக்கிழமை லாயத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான்: நான், பாப்பா, என் வீட்டுக்காரர், குதிரையை வெளிநாட்டுக்கு ஏற்றி அனுப்பித் தருவதாகச் சொன்ன மூன்று பேர், அப்புறம் குதிரை. மூன்று பேரையும் வேறு வேறு நேரத்துக்கு வரச் சொல்லும்படி பாப்பா என்னிடம் சொல்லியிருந்தாள். முதல் ஆள் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்து, இரண்டாவது ஆளையும் அதே நேரத்துக்கு வரச் சொன்னேன். இரண்டு பேரும் வராவிட்டால்? மூன்றாவது ஆளையும் அதே நேரத்துக்கு. மூன்று பேரும் சரியாக வந்து நின்றார்கள். பெங்களூர் ட்ராஃபிக்கில் மூன்று பேர் சொன்ன நேரத்துக்கு வருவார்கள் என்று யார் நினைப்பார்கள்.

பாப்பா என்றால் குழந்தை இல்லை. ஆனேக்கல் போகும் வழியில் இருந்த அந்தக் குதிரை லாயத்துக்கு நான் கூட்டிப் பெருக்க வந்தபோது, அவள் பள்ளிக்கூட யூனிஃபார்மோடு குதிரையேற்றம் கற்க வருவாள். அன்றிலிருந்து எனக்கு அவள் பாப்பா, அவளுக்கு நான் அக்கா. எட்டாவது பாதியில் படிப்பை விட்ட எனக்கு விளக்குமாறுதான் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் தீவனத் தொட்டியும் கைக்கு வந்தது. அப்புறம் பாப்பா வாங்கிய அந்தப் பெண்குதிரை முழுக்க என் பொறுப்பானது. நீலசந்திராவிலிருந்து சந்தாபுரத்தில் பஸ் மாறிப் போவேன். பஸ் கிடைக்காத நாளில் வீட்டுக்காரர் ஆட்டோவில் விடுவார், வழி முழுக்க முனகிக்கொண்டே.

குதிரைக்குப் பாஸ்போர்ட் எடுத்தபோதுதான் அதற்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் இருப்பது எனக்குத் தெரிந்தது. நாங்கள் கூப்பிட்டது "ஏய்" என்றுதான், அதற்கும் அது போதுமாக இருந்தது. இன்றுவரை அதற்குப் பாஸ்போர்ட் உண்டு, எனக்குக் கிடையாது.

பாப்பாவுக்கு இலங்கையில், தேயிலைத் தோட்டங்கள் இருக்கிற மலைப்பக்கம், குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கிற வேலை கிடைத்திருந்தது. லாயம் இருந்த நிலத்தில் அபார்ட்மெண்ட் வரப்போகிறது என்று நிலத்துக்காரர் சொல்லிவிட்டார். மற்ற குதிரைகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. மிஞ்சியது இது ஒன்றுதான். இதையும் கேட்டு ஒருவர் இரண்டு தடவை வந்து போயிருந்தார். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற கான்ட்ராக்டர். மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு, முன்னால் பேண்டு செட், பின்னால் ஜெனரேட்டர், பக்கத்தில் சரவெடி. எங்கள் குதிரையோ பிரஷர் குக்கர் விசில் கேட்டாலே காதை மடக்கிக்கொள்ளும். அது இலங்கைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் ஊர்வலத்துக்குப் போக வேண்டும். நடுவில் வேறு இடம் இல்லை.

இதில் இன்னொரு சிக்கல். அது வண்டி ஏறாது. கூரை போட்ட எதற்குள்ளும் கால் வைக்காது, லாயத்தைத் தவிர. வாங்கின அன்று ஓசூர் பக்கத்திலிருந்து லாரியில் ஏற்றப் பார்த்துத் தோற்றுப்போய், கடைசியில் ரோட்டோரமாக நடத்தியேதான் கூட்டி வந்தார்கள். இலங்கைக்கு நடத்திக்கொண்டு போக முடியாது.

எனக்குக் கவலைப்பட எதுவும் இல்லாவிட்டால், ஏன் இல்லை என்று கவலைப்படுவேன். இது கிடைத்ததும் ராத்திரித் தூக்கம் போயே போயிற்று. அங்கே என்ன பாஷை பேசுவார்கள் என்று முதலில் பயந்தேன். நகரு, காலைத் தூக்கு, திருடாதே, இந்த மூன்றையும் தமிழில் சொன்னால்தான் அது கேட்கும். தோட்டத்து ஜனங்கள் தமிழ்தான் பேசுவார்கள் என்று பாப்பா சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

சரி, அந்த ஞாயிறுக்கு வருகிறேன்.

முதலில் பேசியவர் டை கட்டியிருந்தார். கையில் இருந்த டேப்லெட்டில், விமானத்துக்குள் குதிரைகள் வரிசையாக நின்று வைக்கோல் தின்கிற படம் ஓடியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அவர் மட்டும் சாணி படாத ஒரு இடம் பார்த்து நின்றுகொண்டு, அங்கிருந்து நகரவே இல்லை.

"நீங்க டென்ஷனே ஆக வேணாம்மா. எல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

டென்ஷன் ஆகாதே என்று யாராவது சொன்னால்தான் எனக்கு டென்ஷனே ஆரம்பிக்கும். நான் பேசாமல்தானே நின்றிருந்தேன். எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இவருக்குத் தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்.

"ஃப்ளைட்ல கூட யாரு சார் போவாங்க?"

"எங்க டீம் போகும்."

"டீம்ல யாரு?"

"டீம்தான்மா."

"அவருக்குக் குதிரைன்னா பயம் இல்லதானே?"

அவர் டேப்லெட்டில் இன்னொரு படத்தைப் போட்டார்.

இரண்டாவது ஆள் வீட்டுச் சாமான் ஏற்றுகிற பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் வைத்திருந்தவர். சிங்கப்பூருக்கு மொத்த வீட்டையே கட்டி அனுப்பியிருக்கிறாராம். டை கட்டியவர் கேட்ட காசில் பாதிதான் கேட்டார். என் வீட்டுக்காரர் அதற்குள் அவரோடு தோஸ்தாகி டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

"அக்கா, ஃப்ரிட்ஜை விட குதிரை ஈஸி," என்றார் அந்த அண்ணன். "ஃப்ரிட்ஜ் தானா நடக்காது. இது நடக்கும்."

"ஃப்ரிட்ஜ் உதைக்காதுண்ணா."

"நல்லா கட்டுனா இதுவும் உதைக்காது."

வீட்டுக்காரர் என் காதருகே வந்தார். "ஆள் சாலிட்டா இருக்காரு. சும்மா கேள்வி கேட்டு ஓட்டிடாதே."

மூன்றாவது ஆள் ஒரு அம்மா. ஐம்பது வயதிருக்கும், சாயம் போன சல்வார், காலில் ரப்பர் பூட்ஸ். வீட்டில் தக்னி உருது பேசுகிறவர் என்று முதல் வார்த்தையிலேயே தெரிந்தது. பந்தயக் குதிரைகளை ஊர் விட்டு ஊர் அனுப்பியே காலம் போனது என்றார். எங்களிடம் அதோடு பேச்சை நிறுத்திவிட்டு, குதிரைக்கு எதிரே போய்ச் சும்மா நின்றார். எங்கள் டீ ஆறிப்போகிறவரை நின்றார். பிறகு குனிந்து சாணியைப் பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"தண்ணி எந்த பக்கெட்ல குடிக்குது?"

"நீல பக்கெட் மேடம்."

"வேற பக்கெட்ல?"

"குடிக்காது."

"அப்போ பக்கெட்டும் ஃப்ளைட்ல போகணும். தண்ணி குடிக்கலன்னா வயிறு கட்டிக்கும். மேல போய் வயிறு கட்டுச்சுன்னா பஹுத் கஷ்டம்."

எனக்கு இது தோன்றவே இல்லை. இத்தனை வருஷம் இவ்வளவு கவலைப்பட்டும் தோன்றவில்லை.

அவர் நிறுத்தவில்லை. ஃப்ளைட் லேட்டாகும், அப்போது வெயிலில் நிற்க வேண்டி வரும். தலையை உயரக் கட்டிவைத்தால் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வரும். பேப்பரில் ஒரு எழுத்து தப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் நான் தலையாட்டினேன். சொந்தக்காரரைப் பார்த்தது போல இருந்தது.

"ஏம்மா," என்றார் வீட்டுக்காரர், "இவங்க குதிரையை அனுப்ப வந்தாங்களா, நிறுத்த வந்தாங்களா?"

"ஃப்ளைட்ல கூட யாரு போவாங்க மேடம்?" என்று அந்த அம்மாவிடமும் கேட்டேன்.

"நான்தான். எனக்கு ப்ளேன்னா பயம். ஆனா நான்தான் போவேன்."

அப்புறம் என் கடைசிக் கேள்வியை மூன்று பேரிடமும் சேர்த்தே கேட்டேன். குதிரை வண்டி ஏறவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?

"சிம்பிள். இஞ்செக்ஷன் போட்டுடுவோம்," என்றார் டை கட்டியவர். "தூங்கிட்டே ஏறிடும்."

"நாலு பசங்க பின்னாடி கயிறு போட்டுத் தள்ளுனா ஏறிடும்," என்றார் மூவர்ஸ் அண்ணன். குதிரை அந்த நேரம் பார்த்துக் காலால் கதவை ஒரு தட்டுத் தட்டியது. பேச்சில் அது கலந்துகொண்டது அந்த ஒரு தடவைதான்.

அந்த அம்மா சொன்னார்: "ஏறலன்னா போகாது."

"என்னது?" என்றாள் பாப்பா.

"அன்னைக்குப் போகாது. அதுக்குத்தான் இப்போலேர்ந்து பழக்கணும். ப்ளேன்ல குதிரையை நிக்க வெக்கிற பெட்டி அளவுக்கே ஒரு மரப்பெட்டி செஞ்சு இங்க வைங்க. தீனியெல்லாம் அதுக்குள்ளயே போடுங்க. அது வீடு மாதிரி ஆகணும். தள்ளி ஏத்துன குதிரை மேல போய் உதைக்கும்."

மூவரும் போன பிறகு தண்ணித்தொட்டி ஓரம் பாப்பாவும் நானும் சண்டை போட்டோம்.

"அக்கா, அந்தம்மாதான் காசும் ஜாஸ்தி கேக்கறாங்க, பயமும் ஜாஸ்தி காட்டறாங்க."

"அவங்க தெரிஞ்சு பயப்படறாங்க பாப்பா. மத்த ரெண்டு பேரும் தெரியாம தைரியமா இருக்காங்க."

பாப்பா தண்ணியைக் கையால் அளைந்தாள். "சரி. உங்க இஷ்டம். ஆனா ஏத்தறது உங்க பொறுப்பு. அன்னைக்கு ஏறலன்னா அட்வான்ஸும் போச்சு, ஃப்ளைட்டும் போச்சு. அந்த பேண்டு செட் ஆளு வாசல்லயே நிக்கறான்."

இப்படியாக, இருந்த கவலை போதாதென்று, ஒரு பெட்டியும் வந்து சேர்ந்தது. ஆனேக்கல் ஆசாரி ஒருவர் பலகையில் அடித்துக் கொடுத்தார். ஏறிப்போகச் சரிவாக ஒரு பலகை, அதன் மேல் தேங்காய்நார் மிதியடி. குதிரை வந்தது, மோந்தது, திரும்பிப் போய்விட்டது. உள்ளே கொள்ளு வைத்தேன். வாசலில் நின்று கழுத்தை மட்டும் நீட்டி, எட்டாத கொள்ளைப் பார்த்துவிட்டு, பட்டினியாகத் திரும்பியது. கேரட் வைத்தேன். வெல்லம் வைத்தேன். நானே உள்ளே போய் உட்கார்ந்து காட்டினேன். பெட்டி எனக்குத்தான் பழகியது.

சாயந்திரம் ஆனால் அந்த அம்மாவுக்குப் போன் போடுவேன்.

"மேடம், ஃப்ளைட்ல குளிருமா?"

"குளிரும். கம்பளி எடுத்து வைங்க."

"கம்பளி வழுக்கிட்டா?"

"வழுக்கும். ரெண்டு பட்டி போட்டுக் கட்டணும்."

ஒரு நாள் கேட்டேன், "உங்களுக்கு இதெல்லாம் நெனச்சா தூக்கம் வருமா மேடம்?"

"குதிரை எறங்கிடுச்சுன்னு சொல்லிட்டுத்தான் தூங்குவேன்."

ஆயுத பூஜை வந்தது. எந்த வருஷமும் லாயத்தில் அதை விட்டதில்லை. சேணம், கடிவாளம், பக்கெட், மண்வெட்டி, தண்ணி மோட்டார் எல்லாவற்றையும் கழுவிக் குங்குமம் வைப்போம். வீட்டுக்காரரின் ஆட்டோவுக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டுவோம். அந்த வருஷம் கழுவித் துடைக்க சாமான் அதிகம் இல்லை. பெட்டியைப் பார்த்தேன். இதுவும் ஏறிப் போகிற வண்டிதானே என்று, அதற்கும் வாசலில் இரண்டு வாழைக்கன்று கட்டி, முன்னால் பூசணிக்காய் உடைத்து, உள்ளே ஒரு தட்டில் பொரிகடலை வைத்தேன்.

குதிரையைக் கட்டியிருக்கவில்லை. அது தானாக நடந்து வந்து வலது பக்கத்து இலையைத் தின்றது. பிறகு இடது பக்கத்து இலையைத் தின்றது. இரண்டும் தீர்ந்ததும், இன்னும் இருக்கிறதா என்று பார்க்கிறது போல, பலகையில் ஏறி உள்ளே போய்ப் பொரியை மொத்தமும் காலி செய்தது.

வீட்டுக்காரர்தான், "சாமிக்கு வெச்சதை எல்லாம் துன்னுட்டு நிக்குது பார்," என்றார்.

அன்றிலிருந்து தினமும் வாழைக்கன்று. பண்டிகை முடிந்ததும் அது விலை போகாது. சந்தாபுரம் சந்திப்பில் வாழை இலை விற்கிற பெரியவர் காலையில் எனக்காக இரண்டு எடுத்து வைப்பார். காசு அப்புறம் தரலாம் என்பார். "ஏம்மா, உங்க வூட்டுல தெனம் விசேஷமா?" என்றும் கேட்பார். குதிரைக்கு என்று சொன்னால் நம்பமாட்டார் என்று, ஆமாம் என்றுவிடுவேன். தீபாவளி அன்று பக்கத்து லேஅவுட்டில் வெடி வெடித்தபோது, குதிரை நடுங்கிக்கொண்டு ஓடிவந்து நின்றது அந்தப் பெட்டிக்குள்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த அம்மாவுக்குப் போன் போட்டு, பெட்டி பழகிவிட்டது என்று சொன்னேன். வாழைக்கன்றைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் அதிலும் ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயம்.

ஏற்றுகிற நாள் காலையில் வண்டி வந்தது. குதிரைக்கென்றே செய்த நல்ல வண்டி, உள்ளே ரப்பர் விரித்து, புது வைக்கோல் வாசனையோடு. முதலில் குவாரண்டைன் கொட்டகைக்கு, அங்கே ரத்தம் எடுத்துச் சோதித்து, கொஞ்ச நாள் தனியாக வைத்து, பிறகு ஏர்போர்ட். கொரோனாவுக்கு அப்புறம் குவாரண்டைன் என்றால் என்னவென்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

குதிரை சரிவுப் பலகை வரை வந்தது. வலது பக்கம் பார்த்தது. இடது பக்கம் பார்த்தது. நின்றுவிட்டது.

பாப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். நான் தொட்டுக் கெஞ்சினேன். அந்த அம்மா யாரையும் இழுக்க விடவில்லை. குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகக் கேட்டார்.

"அது எதையோ தேடுதும்மா. பெட்டி வாசல்ல என்ன வெச்சிருந்தீங்க?"

"வாழக்கன்னு மேடம்."

"எதுக்கு?"

"ஆயுத பூஜைக்கு."

"ஆயுத பூஜை போன மாசம் முடிஞ்சுது."

"எங்களுக்குத் தெனமும் மேடம்."

அவர் வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார். "நான் என்னென்னமோ யோசிச்சு வெச்சிருந்தேன். இது அதுல இல்ல." குதிரைக்குப் பெட்டி பழகவே இல்லை, வாழைக்கன்றுதான் பழகியிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கும் உறைத்தது. பாப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும், அந்த அம்மா யோசிக்காத ஒன்று என்னிடம் இருந்ததே என்று மூலையில் ஒரு சின்ன சந்தோஷம். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

வீட்டுக்காரர் ஆட்டோவைக் கிளப்பினார். திரும்பி வந்தபோது ஆட்டோவின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று ஆடியது. அதை வண்டி வாசலில் கட்டினோம். குதிரை வலது பக்கம் தின்றது, இடது பக்கம் தின்றது, ஏறி உள்ளே போனது. ஒரு வாரமாக ஏறிப் பழகிய வண்டி மாதிரி.

பாப்பா என் தோளில் சாய்ந்து அழுதாள். அந்த அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"கொட்டகை கேட்டுக்குள்ள ஒரு பச்சை இலைகூடப் போகக்கூடாதும்மா. விட மாட்டாங்க. ஏர்போர்ட்லயும் விட மாட்டாங்க. அங்க ப்ளேன் பெட்டில எப்படி ஏத்தறது?"

வீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே, "ஏன் மேடம், ப்ளாஸ்டிக்ல கெடைக்குதே. கல்யாண மண்டபத்து வாசல்ல நிக்க வைப்பாங்களே, அது. சோப்பு போட்டுக் கழுவலாம்," என்றார். கிண்டலுக்குத்தான் சொன்னார். அவர் முகம் எனக்குத் தெரியாதா. அந்த அம்மா சிரிக்கவில்லை.

"எங்க கெடைக்கும்?"

"சிட்டி மார்க்கெட்ல."

"ரெண்டு வாங்கிட்டு வாங்க."

குவாரண்டைனில் குதிரையைப் பார்த்துக்கொள்ள என்னையும் உள்ளே விட்டார்கள், நீலக் கோட்டும் பூட்ஸும் போட்டு. ப்ளேன் பெட்டியையே அங்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அதன் வாசலில் ப்ளாஸ்டிக் வாழை. முதல் நாள் குதிரை அதை ஒரு கடி கடித்தது. துப்பியது. என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையை எதிலும் சேர்க்க முடியாது. கல்யாணத்தில் இலை போட்டுவிட்டு, சாப்பாடு தீர்ந்துவிட்டது என்று சொன்னவளைப் பார்க்கிற மாதிரி. ஆனால் உள்ளே கொள்ளும் வெல்லமும் இருந்தன, பக்கத்தில் நீல பக்கெட்டும். முனகிக்கொண்டே ஏறியது. மறுநாள் முனகாமல் ஏறியது. அப்புறம் ப்ளாஸ்டிக்கைக் கடிப்பதையும் விட்டுவிட்டு, மூக்கால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போகப் பழகிக்கொண்டது.

போகிற அன்று சரக்கு கேட்டுக்கு அந்தப் பக்கம் என்னை விடவில்லை. அந்த அம்மா கம்பளியும் பக்கெட்டுமாக உள்ளே போனார். போகும்போது, "எனக்குப் பயமா இருக்கும்மா," என்றார். "எனக்கும்தான் மேடம்," என்றேன். அவர் வேறு ஆறுதல் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்த பாப்பா அங்கிருந்து வீடியோ அனுப்பினாள். பெட்டிக் கதவு திறக்கிறது. இரண்டு பக்கமும் ப்ளாஸ்டிக் வாழை, நடுவில் எங்கள் குதிரை. அதை இறக்க வந்த ஆள் ஒருவர் பார்த்துவிட்டு, "யாருக்குங்க கல்யாணம்?" என்கிறார், தமிழில். குதிரை காதை நிமிர்த்தி, அவரைப் பார்த்து, நிதானமாக இறங்கி வருகிறது. பேண்டு இல்லை, வெடி இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவின் போன். "எறங்கிடுச்சும்மா. நான் தூங்கப் போறேன்." எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. தேயிலையைத் தின்றால் குதிரைக்கு என்ன ஆகும் என்று ஒருவரும் சொல்லவில்லையே.

சந்தாபுரத்துப் பெரியவரிடம் வீடியோவைக் காட்டினேன். விசேஷம் எங்கள் வீட்டில் இல்லை, இதற்குத்தான் என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

"இது நான் குடுத்த கன்னு இல்லியே. ப்ளாஸ்டிக்."

"ஆமாங்க. இதைக் கடிச்சுட்டுத் துப்பிடுச்சு."

"இதுக்கு எப்டிக் குடுத்தே காசு?"

"கடையில கையோட வாங்கிட்டாங்க."

"துப்புனதுக்கு ரொக்கம், துன்னதுக்குக் கடனா?"

கையில் இருந்ததை எண்ணி அங்கேயே கொடுத்தேன். அவருக்கு நான் தர வேண்டியது இன்னும் முந்நூற்று இருபது ரூபாய்.